கம்பியில்லா மின்னேற்றத் தட்டும் நுகர்வோர் தெரிவும்: ஒரு நோக்கு

திறன்பேசிகளுக்குக் கம்பியின்றி மின்னேற்றும் தட்டுக்கள் அண்மைக் காலத்திலே எமது கடைகளிற் பெருகியுள்ளன. மேசையிற் படுத்துக் கிடப்பவை, தாங்கியாகச் சாய்ந்து நிற்பவை, காந்தத்தாற் பற்றிக்கொள்பவை எனப் பலவகைப்பட்ட இவற்றின் விலைகளும் பெரிதும் வேறுபடுகின்றன. இவற்றுள் எதனைத் தெரிவு செய்வது என்னும் வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆய்விதழொன்றிலே இதற்கு இடமுண்டோ என ஒருவர் வினவவுங்கூடும். ஓர் இலக்கியப் பனுவலை அது தோன்றிய சமுதாய உறவுகளினின்றும் பிரித்து வாசித்தல் ஆகாது என நாம் மாணவருக்கு ஓயாது கூறி வருகின்றோம். ஆயின், நாள்தோறும் கையாளும் ஒரு பண்டத்தை வாங்கும்போது அதனை உறவுகளற்ற தனிப்பொருளாகவே நோக்குகின்றோம். இதனால் விளையும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

எமது துறையைச் சேர்ந்த இருவர் சென்ற ஆண்டிலே ஒரே கடையில் ஒரே வகைத் தட்டை வாங்கினர். இருவரிடமும் இருந்தவை ஒரே மாதிரித் திறன்பேசிகள். பெட்டியின் மீது '15 உவாற்று' எனப் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. ஒருவருக்குத் தட்டு நன்கு பயன்பட்டது. மற்றவருக்கோ இரவு முழுவதும் வைத்த திறன்பேசி விடியற்காலையிலும் முழுமையாக ஏறவில்லை. திறன்பேசியின் பற்றரி பழுதடைந்துவிட்டது என்றும், அதனை மாற்ற வேண்டும் என்றும் திருத்துநர் ஒருவர் கூறினார். அவரும் அதற்கெனப் பணத்தை ஒதுக்கிவிட்டார். ஈற்றிலே நாம் நேரிற் சென்று பார்த்தபோது பற்றரியிலும் பழுதில்லை, தட்டிலும் பழுதில்லை. அவர் அத்தட்டைத் தமது மடிக்கணினியின் பழைய துளையொன்றிலே சொருகி வைத்திருந்தார். அத்துளை வழங்கக்கூடிய வலு 2.5 உவாற்று மட்டுமே. பெட்டி பொய் சொல்லவில்லை; ஆயின் முழு உண்மையையும் அது சொல்லவில்லை. இக்கட்டுரையின் மையக் கருத்து இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியுள்ளது எனலாம். மின்னேற்றத் தட்டு என்பது ஒரு தொடரின் நடுக்கண்ணி. சுவர்ச் சொருகி, 'அடப்ரர்' எனப்படும் சிறு பெட்டி, கம்பி, தட்டு, திறன்பேசியின் உறை, திறன்பேசி என்னும் தொடரிலே எது மிக வலுக்குறைந்ததோ அதுவே முழுத் தொடரின் வேகத்தையும் தீர்மானிக்கின்றது. ஆகவே தட்டைத் தெரிவு செய்தல் என்பது இத்தொடரை ஆராய்தலேயாகும்.

1. கம்பி எங்கே போயிற்று?

'கம்பியில்லா' என்னும் அடைமொழி முதலில் நோக்கற்பாலது. தட்டிலிருந்து சுவர்வரை கம்பி இருக்கவே செய்கின்றது. தட்டுக்கும் திறன்பேசிக்கும் இடைப்பட்ட சில மில்லிமீற்றர் தூரத்திலே மட்டும் கம்பி நீங்கியுள்ளது. இவ்விடைவெளியை மின்வலு கடப்பதற்கு அடிப்படையாக உள்ளது, 1831 ஆம் ஆண்டிலே மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலாகும். தட்டினுள்ளே செப்புக் கம்பியாலான சுருளொன்று உண்டு. அதிலே ஆடலோட்டம் பாய்கையில் மாறும் காந்தப்புலம் தோன்றுகின்றது. அப்புலம் திறன்பேசியின் முதுகுப்புறத்தே உள்ள மற்றொரு சுருளை ஊடறுக்கும்போது அங்கும் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. அதனை நேரோட்டமாக மாற்றிப் பற்றரிக்கு ஊட்டுகின்றனர். பாடசாலை விஞ்ஞானத்திலே நாம் கற்ற நிலைமாற்றியை நடுவே பிளந்து, ஒரு பாதியைத் தட்டிலும் மறு பாதியைத் திறன்பேசியிலும் வைத்தாற்போன்ற அமைப்பு இது. வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 100 தடவை திசைமாறுகின்றது. தட்டின் சுருளிலோ அது செக்கனுக்கு ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை மாறுகின்றது.

இவ்வமைப்பிலே இரண்டு செய்திகள் தெரிவுக்கு இன்றியமையாதவை. முதலாவது, இரு சுருள்களும் நேருக்கு நேர் நெருங்கி நிற்றல் வேண்டும். சற்று விலகினும் காந்தப்புலத்தின் ஒரு பகுதி மறுசுருளைச் சேராது வீணாகி வெப்பமாகின்றது. இரண்டாவது, எவ்வளவு வலு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திறன்பேசியே. அது தட்டுக்கு இடையறாது குறிப்புக்களை அனுப்பி, கூட்டு அல்லது குறை எனப் பணிக்கின்றது. திறன்பேசி கேட்காத வலுவை எந்தத் தட்டும் அதற்குள் திணித்துவிட முடியாது. அதிக உவாற்றுத் தட்டு சிறிய திறன்பேசியைக் கெடுத்துவிடும் என்னும் அச்சமும், அதனை விரைந்து நிரப்பிவிடும் என்னும் நம்பிக்கையும் இதனால் ஒருங்கே ஆதாரமற்றுப் போகின்றன.

2. தரம் என்பதன் வரலாறு

அறிவியல் உண்மை அறியப்பட்டவுடன் அது மக்களின் கைக்கு வந்துவிடுவதில்லை. நிக்கொலா ரெஸ்லா 1891 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரிலே கம்பித் தொடுப்பின்றிக் கண்ணாடிக் குழாய்களை ஒளிரச் செய்து காட்டினார். 1901 ஆம் ஆண்டிலே லோங் ஐலண்டிலுள்ள வோடன்கிளிவ் என்னுமிடத்தில் அவர் பெருங்கோபுரமொன்றை எழுப்பத் தொடங்கினார். செய்தியையும் மின்வலுவையும் கம்பியின்றித் தொலைதூரம் அனுப்புதல் அவரது கனவு. அத்தூரத்துக்கு வலுவை அனுப்பும் வழி பௌதிகவியலிலும் உறுதிப்படவில்லை, முதலிட்ட ஜே. பி. மோகனும் மேற்கொண்டு பணந்தர மறுத்தார். 1917 ஆம் ஆண்டிலே கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று நாம் பெற்றிருப்பது அப்பெருங்கனவினின்றும் வேறுபட்ட, சில மில்லிமீற்றர் எல்லைக்குள் அடங்கும் எளிய தூண்டலே.

இவ்வெளிய தூண்டலும் பொதுவான தரமொன்று இன்றிப் பயன்படாது. 2008 ஆம் ஆண்டிலே நிறுவனங்கள் பல சேர்ந்து கம்பியில்லா மின்வலுக் கூட்டமைப்பை அமைத்தன. அது 2010 ஆம் ஆண்டிலே 5 உவாற்று வரைக்குமான தரத்தை வெளியிட்டது. கியூ, ஐ என்னும் இரு ஆங்கில எழுத்துக்களால் எழுதப்படும் அத்தரத்தின் பெயர், உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லினின்றும் பெறப்பட்டு 'சீ' என உச்சரிக்கப்படுவது. எமது கடைகளில் 'கியூஐ' என்றே வழங்குவதால் நாமும் அவ்வாறே குறிப்போம். 2012 ஆம் ஆண்டிலே இதற்கு எதிராக இரு அணிகள் கிளம்பின. அவற்றுள் பவர்மற் நிறுவனத்தைச் சார்ந்த அணியின் தட்டுக்களை 2014 முதல் ஸ்ரார்பக்ஸ் கோப்பிக் கடைகள் அமெரிக்காவிலே தம் மேசைகளிற் பதிக்கத் தொடங்கின. எதிரணிகள் இரண்டும் 2015 இல் ஒன்றிணைந்தன. 2017 செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம் தனது ஐபோன்களிலே கியூஐ தரத்தை ஏற்றுக்கொண்டதும் போட்டி பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. 2018 சனவரியிலே பவர்மற் நிறுவனமே கியூஐ அணியிற் சேர்ந்தது. எதிரணித் தரத்தை மட்டும் அறிந்த தட்டை முன்னர் வாங்கியவருக்கு அது புதிய ஐபோனுக்கு உதவாப் பொருளாயிற்று. பெருநிறுவனங்களின் போட்டிக்கான செலவிலே ஒரு பங்கை நுகர்வோரே இறுத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த கட்டமும் இத்தன்மையதே. 2020 ஆம் ஆண்டிலே ஐபோன் 12 உடன் 'மக்சேவ்' என்னும் காந்த வளைய அமைப்பை அப்பிள் அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனத்தின் இசைவு பெற்ற காந்தத் தட்டுக்களிலே திறன்பேசி 15 உவாற்றுப் பெற்றது. ஏனைய கியூஐ தட்டுக்களிலோ 7.5 உவாற்றே பெற்றது. தட்டின் பெட்டியிலே 15 என எழுதியிருந்தும் பாதியே கிடைத்ததன் காரணம் இதுதான். பின்னர் 2023 ஆம் ஆண்டிலே அக்காந்த அமைப்பை அடிப்படையாகக் கொண்டு 'கியூஐ-2' என்னும் பொதுத்தரம் அறிவிக்கப்பட்டது. அதனாற் பிற நிறுவனங்களின் தட்டுக்களும் 15 உவாற்றை வழங்கும் நிலை தோன்றியது. 2025 ஆம் ஆண்டிலே இத்தரம் 25 உவாற்று வரை விரிந்தது. முதலில் வேலியிட்டு, பின்பு சந்தை விரிவின் பொருட்டு அவ்வேலியைத் திறந்துவிடுதல் தொழில்நுட்ப வரலாற்றிலே மீண்டும் மீண்டும் காணப்படும் போக்காகும்.

மறுபுறத்திலே சியோமி, ஒன்பிளஸ் முதலிய நிறுவனங்கள் 30, 50 உவாற்று என உயர்ந்த வேகங்களை 2020 அளவிலேயே அறிவித்தன. அவ்வேகங்கள் அந்தந்த நிறுவனத்தின் தட்டிலே அந்தந்த நிறுவனத்தின் திறன்பேசியை வைத்தாலன்றிக் கிடைப்பதில்லை. கம்பிவழி மின்னேற்றத்தைப் பொறுத்தவரை, 2024 டிசெம்பர் 28 முதல் புதிய திறன்பேசிகள் யாவும் 'ரைப் சி' துளையைக் கொண்டிருத்தல் வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் விதித்தது. கம்பியில்லா மின்னேற்றத்திலோ ஒருமைப்பாடு பிரதானமாக நிறுவனங்களிடை ஏற்பட்ட போட்டியினாலும் உடன்பாட்டினாலுமே உருவாயிற்று. ஆகவே தட்டிலே எத்தரம் குறிக்கப்பட்டுள்ளது என நோக்குதல், அது நாளையும் பயன்படுமா என நோக்குதலாகும்.

3. பெட்டியின் வாசகத்தை வாசித்தல்

பெட்டியின் மீதுள்ள உவாற்று எண் அதியுயர் எல்லையையே குறிப்பது. '15 உவாற்று' என்பதை '15 உவாற்று வரை' என வாசித்தல் வேண்டும். அவ்வெல்லையை எய்துவதற்குரிய நிபந்தனைகளைச் சிறிய எழுத்திலே அச்சிடுவர், சிலர் அச்சிடுவதுமில்லை. எனவே வாங்குவோர் நான்கு வினாக்களை முறையே எழுப்புதல் நலம்.

முதலாவது வினா, எமது திறன்பேசி கம்பியில்லா மின்னேற்றத்தை ஏற்குமா என்பதாகும். விலை குறைந்த திறன்பேசிகளிற் பெரும்பாலானவற்றிலே பெறுஞ்சுருள் இல்லை. ஏற்குமாயின் எத்தரத்தில், எத்தனை உவாற்று வரை ஏற்கும் என்பதை அதன் தொழில்நுட்ப விவரத்திலே காணலாம். ஐபோன் 8 முதல் 11 வரையானவை 7.5 உவாற்றுக்கு மேற் பெறமாட்டா. அவற்றுக்கு 15 அல்லது 25 உவாற்றுத் தட்டை வேகங்கருதி வாங்குதல் வீண்செலவு. ஐபோன் 12 முதலான பெரும்பாலான ஐபோன்களுக்குக் காந்தத் தட்டே முழுப்பயன் தருவது. 2025 இல் வெளிவந்த சம்சுங் கலக்ஸி எஸ்25 வரிசையிலே திறன்பேசியினுள் காந்த வளையம் இல்லை; காந்தம் பொருந்திய உறையை அணிவித்தாலே காந்தத் தட்டு அதனைச் சரியான இடத்திற் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது வினா அடப்ரர் பற்றியது. தட்டுக்களிற் பல அடப்ரர் இன்றியே விற்கப்படுகின்றன. தட்டிலே ஒரு பகுதி வலு வெப்பமாக இழக்கப்படுவதால், அது பெறும் வலு கொடுக்கும் வலுவினும் மிகுதியாதல் வேண்டும். 15 உவாற்றுக் காந்தத் தட்டுக்கு 20 உவாற்று அடப்ரரும், 25 உவாற்றுத் தட்டுக்கு 30 உவாற்றோ அதற்கு மேலோ தரும் அடப்ரரும் தேவைப்படும். வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய 5 உவாற்று அடப்ரரைச் சொருகிவிட்டுத் தட்டைக் குறைகூறுதல் பொருந்தாது. புதிதாக அடப்ரர் வாங்க நேரின் அதன் விலையையும் தட்டின் விலையோடு கூட்டியே ஒப்பிடல் வேண்டும்.

மூன்றாவது வினா சான்றிதழ் பற்றியது. 'கியூஐ உடன் இயங்கும்' என்பதும் 'கியூஐ சான்று பெற்றது' என்பதும் ஒன்றல்ல. முன்னது விற்பவரின் கூற்று. பின்னது சோதனையின் முடிவு. கூட்டமைப்பு தான் சான்றளித்த பொருள்களின் பட்டியலை யாவரும் பார்வையிடுமாறு வைத்துள்ளது. மாதிரி எண்ணைக் கொண்டு அதனைச் சரிபார்த்தல் சில நிமிட வேலையே. சான்று பாதுகாப்புடனும் தொடர்புடையது. தட்டுக்கும் திறன்பேசிக்கும் இடையில் நாணயமோ திறப்போ அகப்பட்டால் அதிலும் மின்னோட்டம் தூண்டப்பட்டு அது சூடேறும். இதனை உணர்ந்து மின்னை நிறுத்தும் ஏற்பாடு தரத்தின் ஒரு கூறாகும். பெயரறியாத மலிவுத் தட்டிலே அவ்வேற்பாடு செம்மையாக உண்டென்பதற்கு உறுதியில்லை.

நான்காவது வினா உறையும் வடிவமும் பற்றியது. ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடித்த உறையும், உலோகத் தகடோ விரல்வளையமோ பொருத்திய உறையும் மின்னேற்றத்தைத் தடுக்கும். வங்கி அட்டைகளை உறையினுள் வைப்போர் அவற்றை எடுத்துவிடல் வேண்டும். படுக்கைத் தட்டிலே சுருள்கள் நேர்ப்படாது போவது எளிது. இரவிலே அரைத்தூக்கத்தில் வைத்த திறன்பேசி சற்று விலகிக் கிடந்து காலையில் வெறுமையாக இருத்தல் பலரது அனுபவம். தாங்கியும் காந்தமும் இக்குறையை நீக்குகின்றன. எங்கு வைத்தாலும் ஏற்றும் பெருந்தட்டொன்றை 2017 ஆம் ஆண்டிலே அப்பிள் நிறுவனம் அறிவித்து, 2019 மார்ச்சு மாதத்திலே அம்முயற்சியைக் கைவிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. சுருளைச் சுருளுக்கு நேரே நிறுத்தும் காந்தத்தை அந்நிறுவனம் அதற்கு அடுத்த ஆண்டிலேயே கொணர்ந்தது.

4. மறைந்திருக்கும் செலவு

கம்பியில்லா மின்னேற்றம் கம்பிவழி ஏற்றத்தைவிட வினைத்திறன் குறைந்தது. 2020 ஆம் ஆண்டிலே வெளிவந்த பத்திரிகைச் சோதனையொன்றிலே, குறித்த ஒரு திறன்பேசியைத் தட்டின் மூலம் நிரப்பக் கம்பியைவிடச் சராசரியாக 47 வீதம் மிகுதியான மின் செலவாயிற்று. இதனைக் குடும்பக் கணக்கிலே வைத்துப் பார்ப்போம். கம்பி வழியே ஒரு தடவை நிரப்பச் சுவரிலிருந்து 18 உவாற்று மணி செல்லுமெனக் கொண்டால், தட்டின் வழியே ஏறத்தாழ 26 உவாற்று மணி செல்லும். நாள்தோறும் நிரப்பினும் ஆண்டின் மேலதிகச் செலவு ஏறத்தாழ 3 அலகு மின்சாரமே. மின்கட்டணம் உயர்ந்துவிடும் என அஞ்சுவோர் அவ்வச்சத்தை விடலாம். ஆயின் அதே கணக்கை நூறு கோடித் திறன்பேசிகளுக்கு விரித்தால் அது ஆண்டுக்கு 300 கோடி அலகாகின்றது. தனிமனிதனுக்கு அற்பமாகத் தோன்றுவது சமுதாய அளவிலே அற்பமாக இருப்பதில்லை.

மின்சாரம் தட்டுப்பாடான வேளையிலே தனிமனிதனுக்கும் இவ்விழப்புப் பொருட்படுத்தத்தக்கதாகின்றது. 2022 மார்ச்சு இறுதியிலே எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களிலே கைவசமுள்ள 'பவர் பாங்கிலே' சேமித்த மின்னைத் தட்டின் வழியே செலுத்துதல், கிணற்று நீரை ஓட்டை வாளியால் மொள்வதை ஒக்கும். அப்போது கம்பியே தக்க துணை.

மின்னிழப்பினும் முக்கியமானது வெப்பம். இழந்த வலுவின் பெரும்பகுதி திறன்பேசிக்கு மிக அருகிலேயே வெப்பமாகின்றது. லிதியம் அயன் பற்றரிகள் வெப்பத்தால் விரைந்து முதுமையடைவன. திறன்பேசிகளை 35 பாகை செல்சியசுக்கு உட்பட்ட சூழலிலே பயன்படுத்துமாறு அப்பிள் அறிவுறுத்துகின்றது. எமது நாட்டின் பகற்பொழுதிலே மூடிய அறையொன்று அவ்வெல்லையை எளிதில் நெருங்கிவிடும். மிகுந்த சூடேறினால் திறன்பேசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 80 வீதத்துக்கு மேல் ஏற்றாது நிறுத்தவுங்கூடும். ஆகவே சாளர வெயிலிலும் தலையணையின் கீழும் தட்டை வையாது, காற்றோட்டமுள்ள மேசையிலே வைத்தல் வேண்டும். இரவு முழுவதும் ஏற்றுவோருக்கு வேகம் தேவையில்லை. குறைந்த உவாற்றுத் தட்டே போதும்.

பாதுகாப்புப் பற்றி மேலும் ஒரு குறிப்பு அவசியமானது. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டோர் திறன்பேசியையும் காந்தத் தட்டையும் 15 சென்ரிமீற்றருக்கு அப்பாலும், மின்னேறுகையில் 30 சென்ரிமீற்றருக்கு அப்பாலும் வைக்குமாறு அப்பிள் கூறுகின்றது. வீட்டிலே அத்தகையோர் இருப்பின் மருத்துவரை வினவியே காந்தத் தட்டை வாங்குதல் வேண்டும்.

5. முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தெரிவுக்கான ஒழுங்கு தெளிவாகின்றது. திறன்பேசி பெறக்கூடிய உச்ச வலுவை முதலில் அறிதல் வேண்டும். அதற்கு ஏற்ற தரத்தைச் சான்றுடன் கொண்ட தட்டையே தேடுதல் வேண்டும். காந்த வளையமுள்ள திறன்பேசியாயின் கியூஐ-2 தட்டும், இல்லையாயின் திறன்பேசியை நேர்ப்பட நிறுத்தும் தாங்கியும் பொருத்தமானவை. அடப்ரரின் வலுவைச் சரிபார்த்து, வேண்டுமாயின் அதன் விலையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். திறன்பேசி ஏற்காத உவாற்றுக்கு விலை கொடுத்தல் ஆகாது.

இவ்வொழுங்கின் முடிவிலே சிலர் தமக்குத் தட்டே தேவையில்லை எனக் காணக்கூடும். அதுவும் முறையான தெரிவே. பயணம் மிகுந்தோருக்கும், அவசரமாக ஏற்றுவோருக்கும், மின்னைச் சேமித்தே பயன்படுத்துவோருக்கும் கம்பி சிறந்தது. துளை தேய்ந்தோ உடைந்தோ போன திறன்பேசியை வைத்திருக்கும் மாணவருக்கோ, விரல்கள் நடுங்குவதாற் சிறு துளையிலே கம்பியைச் சொருக இயலாத முதியவருக்கோ தட்டு உண்மையான உதவி. ஒரு பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதி அதனைப் பயன்படுத்துவோரின் வாழ்நிலையிலேயே தோன்றுகின்றது.

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட நண்பர் பற்றரியை மாற்றவில்லை. 20 உவாற்று அடப்ரர் ஒன்றை வாங்கினார். அதே தட்டு, அதே திறன்பேசி, விடியுமுன்னரே நிறைந்துவிடுகின்றது. பற்றரிக்கென ஒதுக்கிய பணத்திற் பெரும்பகுதி எஞ்சியது. கண்ணிக்குக் கண்ணி தொடரைப் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு மாதக் கவலையும் எஞ்சியிருக்கும். பொருளை அதன் உறவுகளோடு சேர்த்து வாசிக்கும் பழக்கம் நூலகத்தோடு நின்றுவிடாது கடைவாசலுக்கும் வருதல் வேண்டும் என்பதே எமது துணிபு.